மூன்றாவது சீசா

ஜெசிந்தாவுக்குச் சீடர் ஒருவர் இருந்தார். குருவுக்கு வயது முப்பத்து நான்கு, சீடருக்கு ஐம்பத்தாறு.

சங்ககிரியில் ஒரு டயர் கடை மாடியில் அவள் எண்ணெய்ப் பரிசோதனைக்கூடம் வைத்திருந்தாள். லாரி எஞ்சினில் ஓடிக் கறுத்த எண்ணெயை ஒரு சின்னச் சீசாவில் கொடுத்தால் போதும். அதில் இரும்பு எவ்வளவு, செம்பு எவ்வளவு, ஈயம் எவ்வளவு என்று கருவியில் பார்த்து, உள்ளே எது தேய்கிறது என்று சொல்லிவிடுவாள். எஞ்சினைப் பிரிக்கவே வேண்டாம். முதலில் ஊர் சிரித்தது. அவள் சொல்லியும் கேட்காத இரண்டு பேரின் எஞ்சின்கள் நடுரோட்டில் உடைந்தன. அதோடு சிரிப்பு நின்றது.

சீடர் நாச்சிமுத்து முப்பது வருடம் சொந்த லாரி ஓட்டியவர். முழங்கால் தேய்ந்ததும் வண்டியை மைத்துனன் ரங்கராசுவிடம் கொடுத்துவிட்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டு மாடியேறி வந்தார்.

"இதைப் படிக்க எனக்கும் சொல்லிக் குடுங்க டீச்சர்."

ஒரு வருடத்தில் கற்றுக்கொண்டார். அடுத்தவர் வண்டி ரிப்போர்ட் என்றால் புலி. "ஈயம் ஏறிக் கெடக்குது, பேரிங் போகுதுங்க, உடனே நிறுத்துங்க" என்று முதலாளிகளையே அதட்டுவார். ஆனால் ஊருக்குத்தானே உபதேசம்.

ஆடி மாதத்திலிருந்தே அவருடைய வண்டி எஞ்சினில் லேசாக ஒரு தட்டல் கேட்டது. ரிப்போர்ட்டில் என்ன வருமோ என்று அவருக்குப் பயம். சர்க்கரை பார்க்கப் போகுமுன் மூன்று நாள் பட்டினி கிடக்கிறவர்கள் உண்டே, அந்த ரகம் மனுஷன். பழைய எண்ணெயை வடித்துவிட்டுப் புது எண்ணெய் ஊற்றி, பத்து நிமிடம் எஞ்சினை ஓட்டி, அதிலிருந்து சீசாவில் பிடித்துக் கொண்டுவந்தார். ரிப்போர்ட் சுத்தமாக வந்தது. இரண்டாம் முறையும் அப்படியே செய்தார்.

இரண்டாம் ரிப்போர்ட்டை ஜெசிந்தா வெகுநேரம் பார்த்தாள்.

"வண்டி ஓடலையாண்ணா? எண்ணெய் புதுசு மாதிரி இருக்கு."

"கொஞ்ச நாளா நிக்குதுங்க" என்றார். பிறகு அவரே கேட்டார்: "டீச்சர், எண்ணெய் பொய் சொல்லுமா?"

அவள் ரிப்போர்ட்டை மடித்து வைத்தாள். மூன்றாம் முறை ரங்கராசுவை அழைத்துக் காலிச் சீசாவை அவன் கையிலேயே கொடுத்தாள். "ஓடி வந்த சூட்டோட நீங்களே எடுங்க" என்றாள்.

ஒரு நாள் காலை ஏழு மணிக்கு, லோடு ஏற்றிக் கிளம்பும்போது, ரங்கராசு அந்தச் சீசாவை நிரப்பிக் கொடுத்துவிட்டுப் போனான். ஜெசிந்தா பரிசோதித்தாள். மறுபடியும் பரிசோதித்தாள். பத்தரை மணிக்கு ரிப்போர்ட்டை நாச்சிமுத்துவிடம் நீட்டினாள்.

கற்ற வித்தை அப்போதா கைகொடுக்க வேண்டும்! ஈயமும் செம்பும் ஏறிக் கிடந்ததைப் பார்த்ததும், பேரிங் போகிறது என்று யாரும் சொல்லாமலே அவருக்குப் புரிந்தது.

"ரங்கராசு எங்க இருக்காரு?" என்றாள் ஜெசிந்தா.

"திம்பம் மலை ஏறி மைசூர் போறானுங்க."

இருபத்தேழு கொண்டை ஊசி வளைவு. பேரிங் இறுகி எஞ்சின் நின்றால் ஏற்றத்தில் லோடு வண்டியைப் பின்னால் இழுக்கும். பின்னால் பஸ் வரும். நாச்சிமுத்துவுக்கு அந்தப் பாதையின் ஒவ்வொரு வளைவும் தெரியும். தெரிந்ததுதான் வினை.

போன் போட்டார். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி போட்டார். வளைவில் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிறான், அதனால்தான் எடுக்கவில்லை என்று நினைத்தார். அடுத்த முறை அதைவிட மோசமாக நினைத்தார். போனை மேசைமேல் போட்டார்.

"நாந்தாங்க புது ஆயில் ஊத்தி எடுத்தேன்" என்றார், தரையைப் பார்த்து. "ரெண்டு தடவையும்."

"சந்தேகப்பட்டேன். சந்தேகப்பட்டும் கேக்காம விட்டேன். அது என் தப்பு" என்றாள் ஜெசிந்தா. போனை எடுத்து அவர் கையில் வைத்தாள். "விடாம அடிங்க."

ஒன்பதாவது முறை குரல் வந்தது.

"என்னுங்க மச்சான், இத்தனை தடவை? பண்ணாரியில சாமி கும்புட்டு இப்பத்தான் வர்றேன். மலை ஏறப் போறேன்."

"எடுக்காத! வண்டிய எடுக்காத மாப்ள!"

"ஏனுங்க? வண்டி நல்லாத்தான ஓடுது?"

"பேரிங் போச்சு. ரிப்போர்ட் வந்திருச்சு."

"ரெண்டு தடவையும் சுத்தம்னு நீங்கதான சொன்னீங்க? அதை நம்பித்தான போன மாசம் அக்காளையும் உக்கார வெச்சு இதே மலை ஏறினேன்."

அக்காள் என்றால் நாச்சிமுத்துவின் மனைவி. பொய் சொல்ல அப்போதும் ஒரு வழி இருந்தது, கருவி கெட்டிருந்தது என்று சொல்லலாம். ஜெசிந்தா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது புது ஆயில் மாப்ள. ரிப்போர்ட்டுக்குப் பயந்து நாந்தான் மாத்தி ஊத்தினேன்."

அந்தப் பக்கம் வண்டிக் கதவை அறைந்து சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு, "சாவிய எடுத்துட்டேனுங்க" என்றான் ரங்கராசு. போன் நின்றது.

நாச்சிமுத்து ஸ்டூலில் உட்கார்ந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஜெசிந்தா ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தாள். குடிக்கும்போது பாதி மார்பில் சிந்தியது.

"செத்துப் பொழைச்சேன் டீச்சர். இந்த ரிப்போர்ட்டப் பாக்காம இருந்தவரைக்கும் ராத்திரி தூக்கமாவது வந்துச்சுங்க."

ஜெசிந்தா டம்ளரை வாங்கிக்கொண்டாள்.

"வந்திருக்கும்ணா. அந்த மலையில வண்டி ஓட்டினது நீங்க இல்லையே."