பேய்க்கொம்மட்டி கசந்த விதம்

அந்தக் காலத்தில் பாலைவனத்தில் ஒட்டகம், பல்லி, கொடி எல்லாம் பேசின. மனிதன் பாதி கேட்பான், பாதி கேட்க மாட்டான். இப்போது போலத்தான்.

மணலுக்கு நடுவே ஐன் தர்ஃபா என்று ஒரு சிறிய அரபு ஊர். அந்தப் பாஷையில் ‘ஐன்’ என்றால் ஊற்று. கண்ணுக்கும் அதே சொல்தான். நாமும் ஊற்றுக்கண் என்கிறோமே, அப்படி. ஊருக்கு இருந்தது ஒரே ஊற்று. அதன் கரையில் கொம்மட்டிக் கொடி படர்ந்து கிடந்தது. அப்போது அது வெறும் கொம்மட்டி, காய் தேன். ‘பேய்’ பிறகுதான் ஒட்டியது.

ஊர்த் தலைவன் ஷேக் தியாப். நல்லவன். தன் நல்ல பெயர்மேல் அவனுக்கு இருந்த ஆசை அதைவிடப் பெரிது. அவனுடைய அக்கா வத்ஹா, விதவை. கொடிக்குத் தண்ணீர் ஊற்றுபவள் அவள்தான்.

ஒருநாள் துறைமுகத்திலிருந்து ஜவாத் என்ற வியாபாரி வந்தான். தியாப் வீட்டுச் சபையில் காவா ஊற்றிக் கொடுத்தார்கள், அந்த ஊர்க் காப்பி. குடிக்காமல் கோப்பையைக் கீழே வைத்தான். விருந்தாளி அப்படி வைத்தால் ஏதோ கேட்க வந்திருக்கிறான் என்று அர்த்தம். ‘தந்தேன், குடி’ என்று வீட்டுக்காரன் சொல்லும்வரை தொட மாட்டான். குடிக்காமல் எழுந்து போனால் வீட்டுக்கே கேவலம்.

கொம்மட்டி வாசல் வழியே எட்டிப்பார்த்தது. “என்ன வேண்டுமென்று முதலில் கேள், ஷேக்கே.”

“காய்க்கெல்லாம் என்ன பேச்சு?” என்றான் தியாப். சபை சிரித்தது.

திரைக்குப் பின்னாலிருந்து வத்ஹா சொன்னாள்: “காய் சொல்வது சரிதான் தம்பி. கேட்டால் வாயா வெந்துவிடும்?”

“விருந்தாளியிடம் பேரம் பேசினான் என்று என் பெயர் கெடவா, அக்கா?” ஜவாத் பக்கம் திரும்பினான். “தந்தேன். குடி.”

ஜவாத் ஒரே மடக்கில் குடித்தான். வாயைத் துடைத்தான். “உன் ஐன் வேண்டும்.”

தியாப் வெளுத்துப்போனான். ஆனாலும் கொடுத்த வாக்கு. இடுப்பிலிருந்து குத்துவாளை உருவிக் கண்ணருகே கொண்டுபோனான்.

ஜவாத் பாய்ந்து கையைப் பிடித்தான். “பைத்தியமா உனக்கு? உன் கண்ணை வைத்து நான் என்ன செய்ய? ஊற்றைக் கேட்டேனப்பா!”

“அட, ஊற்றுதானா!” தியாப் வாளைப் போட்டுவிட்டுச் சிரித்தான். “எடுத்துக்கொள், எடுத்துக்கொள்.”

எல்லோரும் சிரித்தார்கள். கண் பிழைத்த சந்தோஷம். ஆடு அறுத்தார்கள். “கண்ணையே கொடுத்திருக்கலாம் தம்பி,” என்றாள் வத்ஹா. “உனக்கு இன்னொன்று இருக்கிறது. ஊருக்கு இல்லை.” விருந்துச் சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை.

ஊற்றைச் சுற்றி மதில் எழும்பியது. கதவில் காவல். தண்ணீர் விலைக்கு வந்தது. ஆடு உள்ளவன் ஆட்டைக் கொடுத்தான்; இல்லாதவன் மகனை வேலைக்கு அனுப்பினான். தியாப் இரண்டு கண்ணோடும் வரிசையில் நின்றான்.

கொம்மட்டி மதிலுக்குள் மாட்டிக்கொண்டது. ஜவாத் ஒரு காயைத் தின்று பார்த்து, “தேன்! இதையும் விற்கலாம்” என்றான். கொடிக்கு அது பொறுக்கவில்லை. மதிலுக்கு அடியில் நுழைந்து வெளி மணலுக்கு ஊர்ந்தது. யாரும் விற்க முடியாதபடி தன் காயில் கசப்பை ஏற்றிக்கொண்டது.

அதைத் தேடி முதலில் வந்தவள் வத்ஹா. தண்ணீர் வாங்க அவளிடம் எதுவும் மிச்சமில்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக் கிடந்தது. காயை உடைத்து வாயில் வைத்தாள். துப்பினாள்.

“எனக்குமா? உனக்குத் தண்ணீர் ஊற்றியவள் நானடி.”

“தெரியும் வத்ஹா,” என்றது கொடி. “உனக்கு மட்டும் இனிக்க எனக்கு வழி தெரியவில்லை. ஒருத்திக்கு இனித்தால் நாளைக்கே அவன் கூடையோடு வருவான்.”

வத்ஹா யோசித்தாள். “அதுவும் சரிதான்,” என்றாள். அங்கேயே மணலில் உட்கார்ந்தாள். எழவில்லை. அதன்பின் கொடியும் பேசவில்லை.

இன்று ஐன் தர்ஃபாவில் கண்ணாடிக் கட்டடம் உண்டு, குளுகுளு கடைத்தெரு உண்டு. தண்ணீர் லாரியில் வருகிறது. ஊற்று எங்கே என்று கேட்டால், கார் நிறுத்துமிடத்தைக் காட்டுகிறார்கள். ஊருக்கு வெளியே, சாலையோர மணலில், குட்டித் தர்ப்பூசணி மாதிரி பச்சை வரியோடு அது உருண்டு கிடக்கிறது. புதிதாக வேலைக்கு வந்தவன் எவனாவது ஆசையாக எடுத்துக் கடித்துவிட்டுக் காறித் துப்புவான்.

நல்ல வாய், கெட்ட வாய் என்று பார்க்காமல் பேய்க்கொம்மட்டி எல்லோருக்கும் கசப்பது, வத்ஹா துப்பிய அன்று தொடங்கியதுதான்.