மரப்பாச்சி கொடுத்த ஐந்து இதழ்கள்

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னால், ராஜாக்களே மந்திரவாதிகளைக் கண்டால் வழிவிட்டு ஒதுங்கிய காலத்தில், வேங்கைநாடு என்று ஒரு நாடு இருந்தது. அதன் எல்லையில் அக்கினிநேத்திரன் என்ற மந்திரவாதி குடியிருந்தான். மலையைத் தூக்குவான், மேகத்தை மடித்து வைப்பான். ஆனால் ஒரு பூவைக் கண்ணால் பார்க்க அவனுக்குக் கொடுத்து வைக்கவில்லை. சின்ன வயதில் ஒரு முனிவரின் நந்தவனத்தை மிதித்து அழித்ததற்காக வாங்கிய சாபம் அது. அவன் கண் பட்டால் போதும், எந்தப் பூவும் ஈரம் வற்றி, சுருங்கி, உதிர்ந்துவிடும். அவன் பார்வையில் வாடாத பூ ஒன்று வந்தால்தான் சாபம் தீரும்.

அதனால் மரத்தில் பூ செய்து தரச்சொல்லித் தச்சர்களை வரவழைத்தான். முதலில் வந்தவர் வர்ணம் பூசிய பூ கொண்டுவந்தார். மந்திரவாதி பார்த்தான், வர்ணம் பொரிந்து கொட்டியது. “மரத்தோட மனசு தெரியாதவன் மரமாவே நில்!” என்றான். தச்சர் மரமாகிவிட்டார். அடுத்தவர் அரக்குப் பூசிய பூ கொண்டுவந்தார். அரக்கு வெடித்தது. “மரத்தோட மனசு தெரியாதவன் மரமாவே நில்!” அவரும் மரம்.

மூன்றாவதாகப் போனவன் திருமேனி ஆசாரி. அவன் கெட்டிக்காரன், வர்ணத்தைத் தொடவே இல்லை. பல நிற மரங்களில் இதழ் இதழாக அறுத்து, பக்கத்தில் பக்கம் பொருத்தி ஒரு பூ செய்தான். என்ன பிரயோசனம்? பார்வை பட்டதும் அதுவும் துண்டு துண்டாகக் கழன்று விழுந்தது. திருமேனியும் தோட்டத்தில் ஒரு மரமாக நின்றான்.

திருமேனியின் மனைவி வஞ்சிக்கொடி இருக்கிறாளே, அவளும் தச்சர் வீட்டுப் பெண்தான். உளி பிடித்து வளர்ந்தவள். சேதி கேட்டு வயிறெரிந்து அழுதாள். அழுது முடித்ததும் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு மந்திரவாதியின் தோட்டத்துக்கே போய் நின்றாள்.

“ஐயா, என் வீட்டுக்காரரை விட்டுடுங்க.”

“வாடாத பூ கொண்டு வா, விடறேன். வாடினா அவன் பக்கத்துலயே நீயும் மரமா நிக்கணும். சம்மதமா?”

“சம்மதம்” என்றாள். என்ன துணிச்சல் பாருங்கள்!

திரும்பும்போது புருஷன் செய்த பூவின் துண்டுகள் தரையில் கிடப்பதைக் கண்டாள். பொறுக்கிச் சேர்த்துப் பார்த்தாள். வீட்டில் முடி நுழையக்கூட இடமில்லாமல் பொருந்திய இதழ்களுக்கு நடுவே இப்போது விரலே போயிற்று. அவளுக்குப் புரிந்துவிட்டது.

“பச்சை மரம்! அவசரப்பட்டு அன்னிக்கு வெட்டின கிளையில செஞ்சிட்டீங்களா?” என்று பக்கத்தில் நின்ற மரத்தைக் கடிந்துகொண்டாள். மரம் இலைகளை அசைத்து அசடு வழிந்தது.

மந்திரவாதியின் பார்வை ஈரத்தை உறிஞ்சும். அப்படியென்றால் இனிக் காய ஒன்றுமே இல்லாத மரம் வேண்டும். வஞ்சிக்கொடி தேடப் புறப்பட்டாள். வீணை வாசிப்பவர் வீட்டுப் பரணில் உடைந்த வீணை ஒன்று கிடந்தது. பழைய பலாமரம், மஞ்சள் கிடைத்தது. நெல் குத்துகிறவர்கள் வீட்டில் தேய்ந்துபோன உலக்கை கிடந்தது. கருங்காலி, கறுப்பு கிடைத்தது. சிவப்புதான் எங்கேயும் கிடைக்கவில்லை. களைத்துப்போய் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தாள்.

“ஊரெல்லாம் சுத்தினியே, என்னை ஒரு வார்த்தை கேட்டியா?” என்று மாடத்திலிருந்து ஒரு குரல் வந்தது. அவள் கல்யாணத்துக்குச் சீராக வந்த மரப்பாச்சி! அது எப்படிப் பேசிற்று என்று என்னைக் கேட்காதீர்கள். கோபம் வந்தால் யாருக்கும் பேச்சு வரும்.

“நீயா?”

“ஏழு தலைமுறைக் கல்யாணம் பார்த்தவ நான். அசல் செம்மரம். என் உடம்புல சொட்டு ஈரம் இருக்கா பாரு.”

“உன்னை எப்படி வெட்டுவேன்?”

“அடியே, என்னை யார் வெட்டச் சொன்னா? காலடியில இருக்கிற பீடத்தை எடுத்துக்கோ. உன் புருஷன் வர்ற வரைக்கும் படுத்துக்கறேன். வந்ததும் முதல் வேலை எனக்குப் பீடம், ஆமா!”

வஞ்சிக்கொடி வேலையைத் தொடங்கினாள். அந்த அழகை என்னவென்று சொல்வேன்! ஓலையில் பூவை வரைந்து துண்டுகளாக நறுக்கினாள். ஒவ்வொரு துண்டையும் மரத்தின்மேல் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மரத்தின் ரேகை இதழின் அடியிலிருந்து நுனிக்கு ஓடவேண்டும். அப்போதுதான் அது இதழ். ஐந்து சிவப்பு இதழ்கள், நடுவில் மஞ்சள் மொட்டு, கீழே இரண்டு கறுப்பு இலைகள். மொட்டு உயர்ந்து நிற்க, இதழ்கள் அதிலிருந்து சரிந்து இறங்க, ஓரங்களை அரத்தால் உருட்டினாள். சொரசொரப்பான பிராய் இலையால் தேய்த்தாள். துண்டுகளைச் சேர்த்து வெயிலுக்கு நேரே பிடித்தாள். இடுக்கில் ஓர் இழை வெளிச்சம் தெரிந்தாலும் மறுபடி அரம், மறுபடி பிராய் இலை. கடைசியில் வெளிச்சம் நுழையவே இல்லை. வீணையின் மிச்சத்தில் பலகை இழைத்து, அதன்மேல் எல்லாவற்றையும் ஒட்டி, பசை சுக்காகக் காயும்வரை வெயிலில் வைத்தாள். மினுக்க எண்ணெய்கூடத் தொடவில்லை. ஈரம் ஆகாதே!

பூவை எடுத்துக்கொண்டு மந்திரவாதியிடம் போனாள். அவன் ஒருமுறை பார்த்தான். பூ அப்படியே இருந்தது. இன்னொரு முறை பார்த்தான். அப்படியே இருந்தது. மூன்றாம் முறை கண்ணை உருட்டி முழு உக்கிரத்தோடு முறைத்தான். சுற்றிலும் புல் கருகியது. வஞ்சிக்கொடியின் உதடு வெடித்தது. பூ மட்டும் ஓர் இதழ்கூட அசையாமல் சிவந்து நின்றது.

மந்திரவாதி பூவைக் கையில் வாங்கினான். “மரத்தோட மனசு தெரிஞ்சவளே” என்று சொல்லி, சின்னப் பிள்ளைபோல விரலால் ஒவ்வோர் இதழாகத் தடவிப் பார்த்தான்.

தோட்டம் முழுக்க மரங்கள் சடசடவென்று மனிதர்களாயின. திருமேனி ஓடிவந்து, “வஞ்சி!” என்று மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டான்.

அவளோ தன் தலையிலிருந்து ஒரு மல்லிகையை எடுத்தாள். முறைத்த முறைப்பில் அது வாடியிருக்க வேண்டும். முந்தானையால் மூடி வந்ததால் பிழைத்திருந்தது. அதை மந்திரவாதியிடம் நீட்டினாள். அவன் சட்டென்று கண்ணை மூடிக்கொண்டான்.

“பயப்படாம கண்ணைத் திறங்க, ஐயா.”

அவன் திறந்தான். மல்லிகை வெள்ளையாக, ஈரமாக, அவன் உள்ளங்கையில் இருந்தது. அத்தனை பெரிய மந்திரவாதி ஓவென்று அழுதுவிட்டான்.

வீட்டுக்கு வந்ததும் திருமேனி முதல் வேலையாக மரப்பாச்சிக்குப் பீடம் செய்ய ரம்பத்தை எடுத்தான். எடுத்தவன் கொல்லை மரத்தின் பச்சைக் கிளையை நோக்கிப் போனான் பாருங்கள்! “காய்ஞ்ச மரம்!” என்று இரண்டு குரல்கள் ஒன்றாகக் கத்தின. ஒன்று வஞ்சிக்கொடி. மற்றொன்று யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்தக் கிளையிலிருந்து வெட்டிய கட்டை ஒரு கோடை முழுக்கக் காய்ந்தது. மரப்பாச்சியும் முணுமுணுக்காமல் படுத்துக் கிடந்தாள். அப்புறம் புதுப் பீடத்தில் ஜம்மென்று ஏறி நின்றாள். அவர்கள் அங்கே நன்றாக இருந்தார்கள். கேட்ட நீங்களும் இங்கே நன்றாக இருங்கள்.