குழி நெறையாத கல்யாணம்

ஒரு ஊர்ல ஒரு சமையக்காரர் இருந்தாரு, பேரு பொன்னுரங்கம். தன் சம்சாரத்தைக் கடைசியா உசுரோட பாத்தப்போ, அந்தம்மா ஒரு கல்யாணத்துல பந்தி முடிஞ்ச எலையை எல்லாம் எட்டி எட்டிப் பாத்துக்கிட்டு இருந்துச்சு. "திங்க ஆளில்லாத சோத்தைப் பொங்காதீங்க"ன்னுச்சு. அன்னிக்குச் சாயங்காலமே நெஞ்சு வலி, போய்ச் சேந்துடுச்சு. அப்புறம் அந்த மனுசன் ஒரு பருக்கையைக்கூட மண்ணுக்கு விட்டதில்ல. எங்க, ம் கொட்டு.

ம். அதே ஊர்ல மருதாசலம்னு ஒரு சாயப்பட்டறை மொதலாளி. ஆத்துத் தண்ணி திங்கக்கிழமை செவப்பா ஓடும், செவ்வாக்கிழமை நீலமா ஓடும். எல்லாம் அய்யா புண்ணியம்! அப்பேர்ப்பட்டவருக்கு, மக மேகலா கல்யாணத்தைப் பசுமைக் கல்யாணமா நடத்தணும்னு ஆசை வந்துடுச்சு. பிளாஸ்டிக் கூடாது, குப்பை கூடாது, மிஞ்சுற சோறெல்லாம் உரமாகணும். அப்போ பொக்லைன் வந்துச்சு. கடகட கடகடன்னு மண்டபத்துக்குப் பின்னாடி யானை விழுற மாதிரி ஒரு குழி. குழிக்கு மாவிலைத் தோரணம் வேற! சமையலுக்கு நம்ம பொன்னுரங்கம். மத்தியானம் பேப்பர்காரங்க வந்து நெறஞ்ச குழியைப் படம் புடிப்பாங்களாம்.

மொதப் பந்தி முடிஞ்சுது. மொதலாளி ஓடிப்போய் எட்டிப் பாத்தாரு. வெறும் எலையும் கருவேப்பிலையும்.

"என்னய்யா, குழி காலியா கெடக்கு?"

"எல்லாரும் நல்லா சாப்பிட்டாங்க மொதலாளி"ன்னாரு பொன்னுரங்கம்.

"அவங்க சாப்பிட்டா உரத்துக்கு எங்க போறது? கேக்காமலே அள்ளி வையி!"

அப்புறம் ரெண்டாம் பந்தி. தொப்பு தொப்புன்னு சோறு விழுந்துச்சு. சனங்க விட்டாங்களா? ரசம் அப்படி! சர்ரு சர்ருன்னு உறிஞ்சி, எலையை வழிச்சுட்டுத்தான் எந்திரிச்சாங்க. குழி வாயைப் பொளந்துக்கிட்டுக் கெடந்துச்சு.

அப்போ மொதலாளிக்கு மூளை வேலை செஞ்சுது. அது எப்பவாவதுதான் செய்யும், செஞ்சா இப்படித்தான். "அந்தக் கடைசி அண்டாவை அப்படியே குழியில கவுத்துங்கடா!"

பொன்னுரங்கம் வேட்டியை மடிச்சுக் கட்டினாரு. தொம்முன்னு குழிக்குள்ள குதிச்சு, நடுவுல சம்மணம் போட்டு உக்காந்துட்டாரு.

"கொட்டுங்க மொதலாளி. என்னையும் சேத்து உரமாக்கிக்குங்க."

"இனிமே இந்த ஊர்ல எவன் வீட்டுலயும் நீ கரண்டி புடிக்க முடியாது, பாத்துக்க!"

"தெரியுமுங்க."

தூங்கிட்டியா? ம்? சரி, கேளு.

ஆளுங்க அண்டாவைத் தூக்கிட்டாங்க. அப்போ கல்யாணப் பொண்ணு மாலையும் கழுத்துமா ஓடி வந்தா. பொண்ணு மாப்பிள்ளைக்குக் கடைசிப் பந்திதானே? விடிகாலையிலேருந்து பச்சத் தண்ணி பல்லுல படல.

"அப்பா, அது என் சோறு!"

"படம் புடிக்க வந்துட்டாங்க கண்ணு..."

"படத்தையா நான் பெசஞ்சு திங்கறது? எறக்குங்க அண்டாவை!"

அங்கியே, குழி ஓரத்துலயே உக்காந்துட்டா. மாப்பிள்ளையும் பக்கத்துல உக்காந்தாரு. அழைப்பில்லாம வாசல்ல நின்னு வேடிக்கை பாத்த பட்டறை ஆளுங்களையும் மேகலா கூப்பிட்டு உக்கார வெச்சா. பொன்னுரங்கம் மண்ணைத் தட்டிட்டு மேல ஏறினாரு, கைகால் கழுவினாரு, பரிமாற வந்தாரு. பேப்பர்காரங்க குழியை எட்டிப் பாத்து, "உரம் எங்க சார்?"ன்னாங்க. மொதலாளி பேந்தப் பேந்த முழிச்சு, கருவேப்பிலையைக் காட்டினாரு.

கதை அம்புட்டுதான், கண்ணை மூடிக்க. மொத்தத்துல மிஞ்சினது ஒரு கரண்டி ரசம், அதைச் சமையக்காரரு குடிச்சுட்டாரு.