சாத்தையா வாயில் தெர்மாமீட்டர்

கொக்கேந்தல் என்று ஓர் ஊர். அறிவு அந்த வழியாக ஒருதடவை பஸ்ஸில் போனதாகவும், அங்கே ஸ்டாப்பிங் இல்லாததால் இறங்கவில்லை என்றும் பக்கத்து ஊர்க்காரர்கள் சொல்வார்கள். பொறாமையில் சொல்வதுதான். கொக்கேந்தல் ஆட்கள் சொன்ன சொல்லை மீறவே மாட்டார்கள். அதனால் வருகிற தலைவலியெல்லாம் சொன்னவருக்குத்தான்.

அந்த ஊருக்கு வாரம் ஒருநாள் வந்துபோகிற நர்ஸ் செசிலி, தான் இல்லாதபோது நோயாளிகளைக் கவனிக்க மூன்று பேருக்குப் பயிற்சி கொடுத்தார். பூவலிங்கம் கையில் வாட்ச் இருந்ததால் அவர் தலைவர். மலைராசன் எந்த வேலையையும் இரண்டு தடவை செய்கிறவர். தங்கமுடிக்கு உடம்பு சின்னது, எந்தச் சந்திலும் நுழைந்துவிடுவார். டெம்பரேச்சர், பல்ஸ், ரெஸ்பிரேஷன், பிபி என்ற நான்கையும் மூன்று பேரும் சாமி பெயர் மாதிரி கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தார்கள். அப்படியென்றால் என்ன என்று நர்சம்மா கேட்டார். இன்னும் சத்தமாக ஒப்பித்தார்கள்.

பழகிப் பார்க்க ஒரு நோயாளி வேண்டுமே. சாத்தையாவுக்கு முந்தின நாள் லேசாகக் காய்ச்சல் அடித்திருந்தது, காலையில் விட்டுவிட்டது. அன்று பகலில்தான் பனையேந்தலில் அவர் மகள் சிவரஞ்சனிக்கு நிச்சயதார்த்தம். அந்தப் பக்கத்து வழக்கப்படி, இரண்டு தகப்பன்மாரும் சபையில் வாயைத் திறந்து "சம்மதம்" என்று சொன்னால்தான் தட்டு மாற்றுவார்கள். அதுவும் ராகுகாலம் தொடங்குவதற்குள் சொல்லியாக வேண்டும். சாத்தையா அந்த ஒரு வார்த்தையை மாட்டுக் கொட்டகையில் பல நாளாகச் சொல்லிப் பழகியிருந்தார். மாடு மறுப்பு எதுவும் சொல்லவில்லை.

"நல்ல காரியத்துக்குப் போறேன் தாயி, ஒருதடவை பாத்துவிடுங்க" என்று அவராகத்தான் வந்து, பயிற்சிக்குப் போட்டிருந்த கட்டிலில் உட்கார்ந்தார்.

"நாக்குக்கு அடியில வச்சுக்கங்கண்ணே. நான் சொல்ற வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது" என்று நர்சம்மா தெர்மாமீட்டரை வைத்தார். அந்த நேரம் பார்த்து போன் வந்தது. பக்கத்து ஊரில் யாருக்கோ பிரசவ வலி. பையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவுக்கு ஓடியவர், ஏறும்போதே கத்தினார்: "பல்ஸ் நூறைத் தாண்டினா அவரைக் கட்டிலை விட்டு இறக்காதீங்க! மூச்சை எண்ணுறது அவருக்குத் தெரியக் கூடாது! மனசு நிம்மதியா இருக்கும்போதுதான் பிபி பாக்கணும்!"

ஆட்டோ போய்விட்டது. தெர்மாமீட்டர் போகவில்லை.

மலைராசன் சாத்தையாவின் வலது கையைப் பிடித்தார். எழுபது. அடுத்து இடது கை. அதிலும் எழுபது. மலைராசன் முகம் வெளுத்துவிட்டது.

"மொத்தம் நூத்தி நாப்பதுண்ணே."

"காலையும் பாக்கலாமா?" என்றார் தங்கமுடி.

"வேணாம்ப்பா. கையிலயே இவ்வளவு ஓடுது. காலையும் சேத்தா மனுசன் தாங்கமாட்டாரு" என்றார் பூவலிங்கம். நோயாளி மேல் இரக்கம் வேண்டும் என்று நர்சம்மா சொன்னதை அவர் மறக்கவில்லை.

ஆக, சாத்தையாவைக் கட்டிலை விட்டு இறக்க முடியாது. அவர் மனைவி இருளாயி தலையில் கையை வைத்துக்கொண்டார். "ஐயா, அங்க சபை கூடியிருக்கும். அந்தக் கண்ணாடிக் குச்சியையாவது எடுத்துவிடுங்க."

"எடுக்கலாம்க்கா" என்றார் பூவலிங்கம். "ஆனா வாயைத் திறக்காம எடுக்கணும். உங்களுக்கு வழி தெரிஞ்சாச் சொல்லுங்க."

இருளாயி வெகுநேரம் யோசித்தார். வழி தெரியவில்லை. அவரும் கொக்கேந்தலில் பிறந்தவர்தானே.

இதற்குள் தங்கமுடி மூச்சை எண்ணக் கட்டிலுக்கு அடியில் புகுந்துவிட்டார். வாய்விட்டுத்தான் எண்ணினார். அவர் அங்கே இருப்பது சாத்தையாவுக்கு நன்றாகத் தெரிந்தது. ஆனால் தெரியக் கூடாது என்பது நர்சம்மா உத்தரவு. ஆகவே தெரியாமல் இருப்பதற்கு அவர் மிகவும் பாடுபட்டார். பாடுபடப் பட மூச்சு வாங்கியது. அடியிலிருந்து எண்ணிக்கையும் வேகமெடுத்தது.

பிபியில்தான் விவாதம் முற்றியது. "இவரு மனசு எப்ப நிம்மதியாகும்?" என்றார் மலைராசன்.

"மகளுக்கு நிச்சயம் ஆனாத்தான்" என்றார் பூவலிங்கம்.

"அப்ப பிபியை அங்கதான பாக்கணும்?"

"ஆமா. நோயாளியும் கட்டிலைவிட்டு இறங்கக் கூடாது."

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். வைத்தியம் இவ்வளவு தெளிவாக இருக்கும் என்று அவர்கள் நினைக்கவே இல்லை. பூவலிங்கமும் மலைராசனும் முன்னால் பிடிக்க, சாத்தையாவின் மச்சினன்மார் இரண்டு பேர் பின்னால் பிடிக்க, கட்டில் பனையேந்தலுக்குப் புறப்பட்டது. தங்கமுடி எண்ணிக்கை விடாமல் கட்டிலுக்கு அடியில் குந்திக் குந்தியே வந்தார். வழியில் போனவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்கள். படுத்திருந்த சாத்தையா பதிலுக்குக் கும்பிட்டதும் ஓடிவிட்டார்கள்.

கோயில் மண்டபத்தில் மாப்பிள்ளையின் தகப்பனார் அழகுமலை காத்திருந்தார். எதிலும் பெண் வீட்டுக்கு இம்மி குறைந்துவிடக் கூடாது என்று நினைக்கிற மனிதர். பெண் வீட்டார் ஐந்து தட்டு என்றதும், தன் நாலு தட்டோடு மடியில் இருந்த வெற்றிலைப் பெட்டியையும் தட்டாகக் கணக்கில் வைத்தவர். கட்டில் வந்து இறங்கியதைப் பார்த்து முதலில் அதிர்ந்தார். பிறகு, தன் வீட்டில் கட்டில் இல்லாததை நினைத்து வருத்தப்பட்டார்.

"சம்பந்தி, நேரம் போகுது. உங்க சம்மதத்தைச் சொல்லுங்க."

சாத்தையா கண்ணை உருட்டினார். வாய் திறக்கவில்லை.

"பொண்ணு குடுக்க இஷ்டமில்லைன்னா நேராச் சொல்லிருங்கய்யா!" அழகுமலை துண்டை உதறித் தோளில் போட்டார்.

உறவுக்காரர்களோடு முன்னதாகவே வந்திருந்த சிவரஞ்சனி கட்டிலருகே வந்து அழுதாள். "அப்பா, ஒரே ஒரு வார்த்தைப்பா." சாத்தையாவுக்குக் கண்ணீர் காதுவரை வழிந்தது. பெற்ற மகளின் வாழ்க்கை ஒரு பக்கம், நர்சம்மாவின் சொல் ஒரு பக்கம். பற்களை இன்னும் இறுக்கிக்கொண்டார்.

சிவரஞ்சனியே போனை எடுத்து நர்சம்மாவைப் பிடித்து, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தாள்.

"என்னது! இன்னுமா வாயில வச்சிருக்காரு? எடுங்கய்யா! நான் பிரசவ அறைக்குள்ள போறேன், இனிமே போனை எடுக்க மாட்டேன்." போன் அணைந்தது.

பூவலிங்கம் தெர்மாமீட்டரை உருவினார். சபை முழுதும் கட்டிலை நெருங்கி வந்தது. சாத்தையா வாயைத் திறந்தார்.

"தங்கமுடி அடியில இருக்கிறது எனக்குத் தெரிஞ்சுபோச்சு. என்னை மன்னிச்சிருங்க. முதல்லருந்து எண்ணச் சொல்லுங்க."

"அப்பா!" என்று சிவரஞ்சனி அலறினாள்.

"ஆங், சம்மதம்!"

மண்டபத்தில் குலவைச் சத்தம் எழுந்தது. சாத்தையாவின் மனசு நிம்மதியாகிவிட்டதைக் கவனித்த பூவலிங்கம், நர்சம்மா பயிற்சிக்கு விட்டுப்போயிருந்த பிபி பட்டையை அவர் கையில் சுற்றத் தொடங்கினார். இனி மாப்பிள்ளை வீட்டுச் சம்மதம் ஒன்றுதான் பாக்கி. ராகுகாலத்துக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது.

அழகுமலை எழுந்தார். அவர் கண் தெர்மாமீட்டர் மேலேயே இருந்தது.

"பொண்ணு வீட்டுக்காரர் மட்டும் அதை வாயில வச்சு, நர்ஸ் உத்தரவு வாங்கிச் சம்மதம் சொல்லுவாரு. நாங்க மட்டும் சும்மா சொல்லணுமா? எங்களைப் பாத்தா இளப்பமாத் தெரியுதா? கொண்டாங்கய்யா அதை."

நியாயமான கேள்வி. பூவலிங்கம் தெர்மாமீட்டரைக் கழுவித் துடைத்து அவர் வாயில் வைத்தார்.

"நாக்குக்கு அடியில வச்சுக்கங்க. நர்சம்மா சொல்ற வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது."

அழகுமலை பெருமையாக வாயை மூடினார். சிவரஞ்சனி மறுபடி போனை அழுத்தினாள். மலைராசன் புதுச் சம்பந்தியின் இரண்டு கைகளையும் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்து, கூட்டி, உதட்டைப் பிதுக்கினார்.

"இவருக்கும் நூறைத் தாண்டுதுண்ணே."

"அப்ப இவரையும் ஏத்து" என்றார் பூவலிங்கம்.

சாத்தையா மரியாதையாகக் கட்டிலில் கொஞ்சம் நகர்ந்து படுத்து இடம் கொடுத்தார்.