கடுகு சிந்தாத சுருக்குப் பை

சட்டைக்குப் பொத்தான் என்று ஒன்று வராத காலம் அது. அப்போது செம்பியூரை மாறவேள் என்றொரு ராஜா ஆண்டுவந்தார்.

ராஜா வெளியூர் போனால் விதைக் கடுகை இடுப்பில் கட்டிக்கொண்டு போய், தங்குகிற இடமெல்லாம் விதைப்பார். அந்தப் பையைப் புதுத் துணியில் தைக்கக் கூடாது. பயண அங்கி வெட்டியதில் மிஞ்சிய துண்டுகளில்தான் தைக்க வேண்டும். அதுதான் அந்த நாட்டு வழக்கம்.

அந்த வருஷம் அரண்மனைத் தையற்காரர் இறந்துபோனார். "யார் பையில் ஒரு கடுகும் சிந்தவில்லையோ அவருக்கே வேலை, தையற்காரர் குடியிருந்த வீடும் அவருக்கே!" என்று தண்டோரா போட்டார்கள். வந்தவர்கள் மூன்று பேர். குப்பாண்டி, சிங்கமுத்து என்ற இரண்டு தையற்காரர்கள், இறந்தவரின் மனைவி ஆவுடை.

தோற்றால் இரண்டு பெண் குழந்தைகளோடு ஆவுடை அந்த வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். பயமில்லையா? இருந்தது. ஆனால் புருஷன் பெயரில் போன தையலில் பாதி அவள் கைத் தையல். அது அவளுக்குத் தெரியுமே!

குப்பாண்டி பெரிய பட்டுத் துண்டுகளை அள்ளிக்கொண்டான். சிங்கமுத்து கெட்டித் துணிகளை எடுத்துக்கொண்டான். ஆவுடைக்குக் கிடைத்தது உள்ளங்கை அகலத் துண்டுகள்.

"அடுப்புத் துணிக்குக்கூட ஆகாதே தங்கச்சி!" என்று சிரித்தான் சிங்கமுத்து.

"நீங்க உங்க பையைப் பாருங்க அண்ணே" என்றாள் ஆவுடை.

மூன்றாம் நாள் சபை கூடியது. ராஜா பைகளில் கடுகை நிரப்பி, ஒவ்வொன்றையும் மூன்று முறை குலுக்கினார்.

குப்பாண்டியின் பட்டுப் பை முதல் குலுக்கலிலேயே தையல் விலகிப் பொலபொலவென்று கொட்டிவிட்டது. சிங்கமுத்து நெருக்கி நெருக்கித் தைத்திருந்தான். மூன்றாம் குலுக்கலில் ஊசி போன வழியே துணி கிழிந்தது. ஆவுடையின் பையில் ஒரு குலுக்கல், இரண்டு, மூன்று. ஒன்றும் சிந்தவில்லை.

குப்பாண்டிக்குப் பொறுக்குமா? "மகாராஜா, உள்ளே பாருங்கள்! தையலில் இடுக்கு இருக்கிறது!"

ராஜா பார்த்தார். இருந்தது.

ஆவுடை அசரவில்லை. "இருக்குது மகாராஜா. ஊசி போன இடமெல்லாம் ஓட்டைதான், என் தையலிலும். அதனாலதான் இரண்டு பை தைச்சு ஒன்றுக்குள் ஒன்று வைச்சேன். உள்பையில் தையல் வருகிற இடத்துக்கு நேரே வெளிப்பையில் முழுத்துணி. உள்ளே தப்பின கடுகு வெளியே எப்படிப் போகும்?"

ராஜா வெளிப்பையைக் கழற்றிப் பார்த்தார். அதற்குள் ஏழே ஏழு கடுகு.

வாய்விட்டுச் சிரித்தார். "தங்கள் தையலில் ஓட்டையே இல்லை என்று நினைத்த இரண்டு பேரும் கொட்டிவிட்டார்கள். இருக்கிறது என்று சொன்னவள் காப்பாற்றிவிட்டாள். வீடு உன்னுடையது அம்மா!"

கேட்டீர்களா? தன் வேலையில் ஓட்டை எங்கே விழும் என்று ஒத்துக்கொள்கிறவர் வேலைதான் கடைசிவரை தாங்கும்.