மணல்திட்டில் புதுமனை விருந்து

முன்னொரு காலத்தில், படகில் உலாப் போன மன்னன் ஒருவனுக்கு ஆற்று முகத்துவாரத்து மணல்திட்டின்மேல் தீராத ஆசை வந்துவிட்டது. "இங்கே பிரபுக்கள் மாளிகை கட்டட்டும். பாதிச் செலவு கஜானாவுடையது!" என்று அறிவித்தான். ஏரிக்கரைக்கு ஒதுக்கிய கல்லெல்லாம் கடற்கரைக்குப் போயிற்று.

விகடகவி விடங்கனுக்கு மனம் கேட்கவில்லை. "மன்னா, அந்த மணல் ஓரிடத்தில் நிற்காது. ஊரார் வரியைக் கடலில் கொட்டுவானேன்?"

அவன்மேல் எப்போதும் புகைந்துகொண்டிருந்த அமைச்சர் மழவராயர் எழுந்தார். "முதல் மனை இவருக்கே ஆகட்டும், அரசே! இரண்டே மாதத்தில் அதில் வீடு கட்டித் தங்களுக்கு விருந்து வைக்கட்டும். தவறினால் நாடு கடத்துங்கள்!"

"அப்படியே! மனையை விட்டு ஒரு சாண் விலகக் கூடாது," என்றான் மன்னன்.

மழவராயர் வேண்டுமென்றே அலையோரத்தில் நான்கு பனங்கம்பங்களை ஆழ நட்டு மனையைக் காட்டினார். சற்றுத் தள்ளிக் கரையில் தமக்கும் ஒரு மாளிகை எழுப்பத் தொடங்கினார்.

ஐப்பசிக் காற்று அடித்தது. விடங்கன் ஓடிப்போய்ப் பார்த்தால், கம்பங்களைச் சுற்றி நெஞ்சளவு தண்ணீர்!

வலை உதறிக்கொண்டிருந்த மீனவன் சடையன் சொன்னான்: "போன வருசம் நாங்க கருவாடு காயப்போட்ட எடமே கடலுக்குள்ள கெடக்கு, சாமி. இனி ஒங்க மனைக்குப் போவணும்னா படகுதான்."

விடங்கன் துள்ளிக் குதித்தான். "சடையா, உன் பெரிய படகைக் கொடு! கூரைக்கு ஓலையும் வேண்டும்!"

விருந்து நாளும் வந்தது. நான்கு கம்பங்களுக்கும் நடுவே, கூரையும் கதவும் மாவிலைத் தோரணமுமாக ஒரு படகு கயிற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

"இது வீடா? படகு!" என்று கத்தினார் மழவராயர்.

"மனை கடலுக்குள் போய்விட்டது, பிரபு. ஒரு சாண் விலகக் கூடாதென்பது அரசாணை. வீடும் கூடவே போயிற்று," என்றான் விடங்கன்.

மன்னன் தோணியேறிப் போய் இலைமுன் அமர்ந்தான். முதல் கவளம் வாய்க்குப் போகுமுன் கரையில் பேரிரைச்சல். மழவராயர் பாதி எழுப்பியிருந்த மாளிகை, அடிமணல் அரித்து, அப்படியே அலையில் சரிந்தது.

"ஐயோ, என் மாளிகை!"

"பாதி என்னுடையது," என்றான் மன்னன். பிறகு விழுந்து விழுந்து சிரித்தான். "கட்டுமானம் இன்றோடு நின்றது! மிச்சக் கல் ஏரிக்கரைக்கே திரும்பட்டும். விடங்கரே, என்ன பரிசு வேண்டும்?"

விடங்கன் தூணைப் பிடித்துக்கொண்டு முனகினான். "மேட்டு நிலத்தில் ஒரு குடிசை போதும், மன்னா. இந்த வீட்டில் குடிவந்து மூன்று நாளாய் ஒரே குமட்டல்!"

மன்னன் சிரித்த சிரிப்பில் வீடு இன்னும் ஆடியது. கேட்ட குடிசையோடு ஒரு முத்துமாலையும் விடங்கனுக்குக் கிடைத்தது.