அண்ணாச்சி கார்டு தாண்டிய கதை

பாளையங்கோட்டையில் ஒரு மாவு மில்லுக்கு மேல்மாடியில் ஜியு ஜிட்சு மல்யுத்தம் சொல்லித்தந்த ஜெஸிந்தாவுக்கு வயது முப்பத்தொன்று. அவரிடம் கற்றுக்கொள்ள வந்த சங்கரபாண்டிக்கு நாற்பத்தாறு. இன்சூரன்ஸ் ஏஜென்ட். அவர் ஜெஸிந்தாவை மாஸ்டர் என்பார். மாஸ்டர் அவரை, ஊரே கூப்பிடுவதுபோல, அண்ணாச்சி என்பார்.

ஜியு ஜிட்சுவில் மல்லாந்து படுத்தவர் தோற்றவர் இல்லை. தன் கால்களாலேயே வேலி போட்டுவிடுவார். அதற்குப் பெயர் கார்டு. அந்தக் கால்களைத் தாண்டிப் போய், ஆளை மூன்று விநாடி அமுக்கிப் பிடித்தால்தான் அதற்கு மூன்று புள்ளி. அண்ணாச்சிக்கு அந்த வேலிதான் ஏழரைச் சனி.

மணி அடித்ததும் பாய்வார். இழுப்பார், தள்ளுவார், இந்தப் பக்கம் ஓடுவார், அந்தப் பக்கம் ஓடுவார். இரண்டாவது நிமிடத்தில் கையைத் தூக்க முடியாது. இப்படியே இரண்டு போட்டிகளில் தோற்றாயிற்று. மூன்றாவது போட்டி ஞாயிற்றுக்கிழமை, மதுரையில். அதிலும் தோற்றால் பாயைச் சுருட்டிவிடுவதாக வீட்டில் வாய்விட்டுச் சொல்லிவிட்டார். சொன்ன நாளிலிருந்து சோறு இறங்கவில்லை. இந்த வயதில் தனக்கென்று அவர் ஆசைப்பட்டது இது ஒன்றுதான்.

வியாழக்கிழமை கேட்டேவிட்டார்.

"மாஸ்டர், இன்னும் வேகமாத் தாண்ட என்ன செய்யணும்?"

மாஸ்டர் பாயில் மல்லாந்து படுத்தார்.

"வாங்க. தாண்டிக்கிட்டே எனக்கு ஒரு பாலிசி வித்துக் காட்டுங்க."

"வெளையாடுதீயளா?"

"பேச்சு நின்னா ஆட்டமும் நின்னுரும்."

அண்ணாச்சி பாய்ந்தார். "இந்தப் பாலிசி என்னன்னா..." மாஸ்டரின் முழங்கால் குறுக்கே வந்தது. "இருபது வருசம்..." மறு கால் இடுப்பில் உதைத்துத் தள்ளியது. அதற்குமேல் வார்த்தை வரவில்லை, காற்றுதான் வந்தது. வாயாலேயே ஊரை வளைத்த மனுசன், பாவம்.

"நிறுத்துங்க. ஒவ்வொரு தள்ளுக்கும் மூச்சப் பிடிச்சுக்கிடுதீய. தெரியுமா?"

தெரியாது.

"சரி. முன்னபின்ன தெரியாத வீட்டுக்குப் பாலிசி பேசப் போறீய. முதல்ல என்ன செய்வீய?"

"தண்ணி கேப்பேன்."

"தாகமா?"

"தாகமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. அவங்க தண்ணி எடுத்துட்டு வாரதுக்குள்ள நாம நாற்காலியில உக்காந்துரலாம். உக்காந்தவன எந்திரின்னு யாரும் சொல்ல மாட்டாங்க."

"பாலிசி வேண்டாம்னு சொல்லிட்டா?"

"சரிம்பேன். ஆனா எந்திரிக்க மாட்டேன். பிள்ளை என்ன படிக்குதுன்னு கேப்பேன்."

மாஸ்டர் மறுபடி மல்லாந்து படுத்தார்.

அண்ணாச்சி கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். இந்தத் தடவை பாயவில்லை. மாஸ்டரின் ஒரு காலை மட்டும் பாயோடு அழுத்தி, அதன்மேல் முழங்காலை வைத்து, உடம்புக் கனத்தை இறக்கினார்.

"மாஸ்டருக்குச் சொந்த ஊரு எது?"

"உவரி." சொல்லிக்கொண்டே மாஸ்டர் தள்ளினார். அண்ணாச்சி திருப்பித் தள்ளவில்லை.

"அப்பா கடலுக்குப் போனாவளா?"

தள்ளித் தள்ளி அந்தக் கால் அலுத்தது. அலுத்த நேரம் பார்த்து ஒரு சாண் நகர்ந்தார். அங்கேயும் கனத்தை இறக்கி உட்கார்ந்துகொண்டார். தங்கச்சி கல்யாணம், வீட்டுக் கடன் எல்லாம் விசாரித்து விபத்துக் காப்பீட்டுக்கு வந்து சேர்ந்தபோது, மாஸ்டரின் கால் இரண்டும் அவருக்குப் பின்னால் கிடந்தன. அவர் தோள் மாஸ்டரை அமுக்கியிருந்தது.

"நாமினி யாரைப் போடணும் மாஸ்டர்?" என்று கேட்டுவிட்டுத்தான் தாண்டிவிட்டதைக் கவனித்தார். பச்சைப்பிள்ளை மாதிரி சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை மதுரையில் அவருக்கு எதிரே ஒரு சேலத்துக்காரர். ஐந்து நிமிட ஆட்டம். எடுத்த எடுப்பிலேயே அண்ணாச்சியைக் கவிழ்த்து இரண்டு புள்ளி வாங்கிவிட்டார். அண்ணாச்சி பதறவில்லை. எப்படியோ எழுந்தார். சேலத்துக்காரர் தானே மல்லாந்து வேலி போட, அண்ணாச்சி ஒரு காலில் கனத்தை இறக்கினார். ஒரு சாண். பிறகு இன்னொரு சாண். ஐந்தாவது நிமிடத்தின் கடைசியில் அந்தக் கால்கள் துவண்டன. அண்ணாச்சி தாண்டினார், அமுக்கினார். ஒரு விநாடி, இரண்டு விநாடி. மணி அடித்துவிட்டது.

புள்ளி இல்லை. தோல்விதான். ஜெயித்தவரின் கையைத் தூக்கிக் காட்ட, நடுவர் முதலில் ஆளையே தூக்கி நிறுத்த வேண்டியிருந்தது.

அண்ணாச்சி விறுவிறுவென்று மாஸ்டரிடம் வந்தார். கண் கலங்கியிருந்தது. கை பெல்ட் முடிச்சை அவிழ்க்கப் போயிருந்தது.

"ஒரே ஒரு விநாடி மாஸ்டர்! கொஞ்சம் முன்னாடியே வேகமாப் போயிருந்தா ஜெயிச்சிருப்பேன்லா? மெதுவாப் போனதுதான் தப்பா? மூணு தடவை தோத்தாச்சு, வீட்டுல நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் பேச? இதுக்கு மேல நான் எதுக்கு வரணும், நீங்களே சொல்லுங்க!"

மாஸ்டர் எல்லாவற்றையும் கேட்டு முடித்தார்.

"போன ரெண்டு தடவையும் தோத்துட்டு வந்து நின்னீயளே அண்ணாச்சி. அப்ப இத்தனை கேள்வி கேக்க உங்களுக்கு மூச்சு இருந்துதா?"

அண்ணாச்சி முடிச்சிலிருந்து கையை எடுத்தார்.